மலிவுச் சாமான்: இலாபமா, நட்டமா?

(தோட்ட நலன்புரிச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதக் கூட்டம் முடிந்து போகும்போது மேல் லயத்து அக்கா ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, டவுன்ல எல்லாச் சாமானும் பாதி விலைக்குப் போடுறாங்க. கத்தி, மம்பட்டி, டோர்ச், மழைக் கோட் எல்லாம் குவிச்சு வச்சிருக்காங்க. வாங்கலாமா, வாங்கக் கூடாதா?" என்றார். அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டு போனேன். பதில் தெரியாமல் இல்லை. இந்த விஷயத்தில் நானே ஒரு தடவை சறுக்கி விழுந்தவன். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கிய 42 மழைக் கோட்

2019ஆம் ஆண்டு. அப்போது நான் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். மேற்குப் பக்கத்து மலை. மே மாதக் கடைசியில் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது என்பது உங்களுக்குத் தெரியும். கொழுந்தெடுக்கும் பெண்கள் படங்கைக் கட்டிக்கொண்டு, உரச் சாக்குப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு நனைந்தபடி நிற்பார்கள். சங்கத்தில் சேர்ந்திருந்த காசில் எல்லோருக்கும் மழைக் கோட் வாங்கித் தருவோம் என்று தீர்மானம் போட்டோம். வாங்கி வரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

டவுனில் விசாரித்தால் ஒரு கோட் 1200 ரூபாய். 42 பேருக்கு 50,400 ரூபாய். நான் கெட்டிக்காரத்தனமாக கொழும்பு புறக்கோட்டைக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் 'கழிவு விற்பனை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பார்வைக்கு அதே கோட், 550 ரூபாய். 42 கோட்டுக்கு 23,100 ரூபாய்தான். சங்கத்துக்கு 27,300 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று கூட்டத்தில் கை தட்டினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோட் போட்ட மூன்றாவது கிழமையே அக்குளில் கிழிய ஆரம்பித்தது. தையல் போட்டிருக்கவில்லை, சூட்டில் ஒட்டி வைத்திருந்தார்கள். தேயிலை வாது குத்திய இடமெல்லாம் ஓட்டை. கூடைக் கயிறு தலையில் இழுக்க இழுக்கத் தொப்பி கழன்று கையோடு வந்தது. 42 கோட்டில் 31 கோட் அந்த மழைக்காலம் பாதி போகும் முன்பே அடுப்படியில் விறகு மூடப் போய்விட்டது.

இரண்டு கோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு நாள் லீவு போட்டு, பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். என்னிடம் இருந்தது ஒரு துண்டுக் கடதாசி. அதில் கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை, தொகை மட்டும்தான். "கழிவுச் சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதைவிடப் பெரிய பாடம் மலையில் கிடைத்தது. அந்தக் கோட்டை நம்பிப் பழைய படங்கையும் சாக்கையும் வீட்டில் போட்டுவிட்டு வந்த ஓர் அம்மா நன்றாக நனைந்து, நெஞ்சுச் சளி கட்டி, பத்து நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனேன். அவர் என்னை ஏசவில்லை. "பரவாயில்ல தம்பி, நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. முன்னம் சும்மா நனைஞ்சோம், இந்தத் தடவ காசு குடுத்து நனைஞ்சோம்" என்றார். ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "பிழை என்னுடையது" என்று சொன்னேன். பிறகு வேறு விதமாகச் செய்தோம். டவுன் கடையில் ஒரே ஒரு கோட் வாங்கினோம். அதை ஓர் அக்காவிடம் கொடுத்து இரண்டு கிழமை மலையில் போட்டுப் பார்க்கச் சொன்னோம். தாங்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றதை வாங்கினோம். மொத்தமாக எடுத்ததால் கடைக்காரர் ஒரு கோட்டுக்கு 50 ரூபாய் குறைத்து 1150க்குக் கொடுத்தார். சங்கச் சேமிப்பில் இருந்து காசைக் கட்டி, ஆளுக்கு மாதம் 230 ரூபாய் வீதம் ஐந்து மாதத்தில் திருப்பி எடுத்தோம். 42 கோட்டுக்கு 48,300 ரூபாய். முன்னே போன 23,100ஐயும் சேர்த்தால் 71,400. ஆரம்பத்திலேயே ஒழுங்காக வாங்கியிருந்தால் 50,400உடன் முடிந்திருக்கும். என் கெட்டிக்காரத்தனத்தின் விலை 21,000 ரூபாயும் ஒரு தாயின் உடம்பும்.

நாளுக்கு எவ்வளவு?

சாமானின் விலையைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலையோடு நாளையும் பாருங்கள் என்கிறேன். 550 ரூபாய்க் கோட் மூன்று கிழமை தாங்கியது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 26 ரூபாய். 1150 ரூபாய்க் கோட் மூன்று மழைக்காலம் தாங்கியது. ஒரு மழைக்காலத்துக்கு நூறு நாள் போட்டதாக வைத்தாலும் நாளுக்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை. இதில் எது மலிவு? உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்ட நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆக்கப்பட்டது. அதையே வைத்துக்கொள்வோம். ஒரு சாமானில் 700 ரூபாய் மிச்சம் பிடித்து, அதனால் காய்ச்சல் வந்து இரண்டு நாள் பேர் போனால் 2700 ரூபாய் போய்விடும். மருந்துச் செலவும் பஸ் காசும் அதற்கு மேலே.

கத்தியும் மம்பட்டியும்

என் அப்பா கவ்வாத்துக்காரர். அவரிடம் ஒரே ஒரு கவ்வாத்துக் கத்திதான் இருந்தது. காலையில் பெரட்டுக்குப் போகும் முன் வாசல் கல்லில் தீட்டுவார். மாலையில் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கூரை இடுக்கில் செருகுவார். நாங்கள் தொட்டால் அடிதான். தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்த பிறகும் அது வெட்டியது. பிடி உடைந்தால் அவரே கொய்யாக் கட்டையில் செதுக்கிப் போட்டுக்கொள்வார்.

கத்தி மொட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்று கவ்வாத்து அண்ணன்மாருக்குச் சொல்லத் தேவையில்லை. சாய்வாக ஒரே வெட்டில் போக வேண்டிய வாது பிளந்துபோகும். பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப்போகும். வெட்டுகிறவருக்கும் ஓர் வெட்டுக்குப் பதிலாக மூன்று வெட்டு. மாலையில் தோள்பட்டை கழன்றுபோகும். அதைவிட மோசம், பிடிக்குள் போகும் இரும்பு கட்டையாக இருக்கும் கத்தி. ஓங்கி வெட்டும்போது அலகு கழன்று பறந்தால் போவது நம் கால், அல்லது பக்கத்தில் நிற்பவரின் முகம்.

ஆகவே கடையில் கத்தி வாங்கும்போது வெறும் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அலகைச் சுண்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், தகரம் மாதிரிச் சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள். பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது, ஆணி அடித்திருக்கிறதா, பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மம்பட்டி என்றால் பிடி செருகும் காது தடிப்பாக இருக்க வேண்டும். காதும் அலகும் சேரும் இடத்தில் வெடிப்போ, பெயின்ட் பூசி மறைத்த ஒட்டோ இருந்தால் வாங்காதீர்கள். முதல் கல்லிலேயே வளைந்துவிடும்.

இன்னொன்று. தோட்டம் தர வேண்டிய ஆயுதத்தை நாம் கைக்காசு போட்டு வாங்கக் கூடாது. முதலில் ஆபீசில் கேளுங்கள். தராவிட்டால் என்னிடமோ தலைவரிடமோ சொல்லுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு மரக்கறி போடுகிறவர்களும், பிரித்துக் கொடுத்த தேயிலையைப் பார்க்கிறவர்களும்தான் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருக்கும். அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கரண்ட் சாமான்

இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன், கோபிக்காதீர்கள். மலிவு வயர், மலிவு மல்டி பிளக், மலிவு கரண்ட் கேத்தல், இதெல்லாம் லயத்துக்குள் வரக் கூடாது. தனி வீடு என்றால் எரிவது ஒரு வீடு. லயத்தில் கூரை ஒன்று. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு பக்கத்துக் காம்பராவைக் கேட்டுக்கொண்டு நிற்காது. லயம் எரிந்து, பிள்ளைகளின் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை வரை சாம்பலாகி, குடும்பம் குடும்பமாகக் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் தங்கின செய்திகளை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? 400 ரூபாய் வயரை வாங்குகிறவர் பக்கத்துக் காம்பராக்களின் கூரையையும் அதில் கட்டித் தொங்கவிடுகிறார்.

வயர், பிளக், ஹோல்டர், ஸ்விட்ச் வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வயர் கையில் எடுத்தால் பாரமாக இருக்க வேண்டும். மலிவு வயரில் மேலே ரப்பர் தடிப்பாக இருக்கும், உள்ளே செம்பு தலைமயிர் மாதிரி நாலு இழை இருக்கும். அதில் கேத்தலையோ ஸ்திரிக்கைப் பெட்டியையோ கொழுவினால் வயர் சூடாகி உருகும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ட்ரிப் ஸ்விட்ச் அடிக்கடி விழுந்தால் அதைக் கட்டிப் போடாதீர்கள். எங்கேயோ ஒழுக்கு இருக்கிறது என்று அது நமக்குச் சொல்கிறது.

எது மலிவில் வாங்கலாம்?

எல்லா மலிவும் மோசம் இல்லை. அப்படிச் சொன்னால் நான் பெரிய கடைக்காரருக்குப் பேசுகிறவன் ஆகிவிடுவேன். பிளாஸ்டிக் வாளி, கூடை, உடுப்புக் கொழுவும் கிளிப், தும்புத்தடி, தட்டு, கோப்பை, படத்துக்குச் சட்டம், தீபாவளி அலங்காரம், இவை மலிவில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். உடைந்தால் உடைந்ததோடு முடிந்தது. வருடத்தில் ஒரு தடவை எடுக்கும் சாமானுக்கும் பெரிய காசு போடத் தேவையில்லை. பெட்டி நசுங்கினதற்காகவும் நிறம் போகாததற்காகவும் விலை குறைத்துப் போடும் நல்ல சாமானும் உண்டு. அது உண்மையான கழிவு.

பிரித்தறிய மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இது உடைந்தால் சாமான் மட்டும் போகுமா, ஆளும் போவாரா? இரண்டு, இதை நான் தினமும் பாவிப்பேனா, எப்போதாவதா? மூன்று, பழுதானால் திருத்தலாமா, திருப்பிக் கொடுக்கலாமா? ஆளுக்கு ஆபத்து என்றால் மலிவு வேண்டாம். தினமும் பாவிப்பதென்றால் நாட்கணக்குப் பாருங்கள். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

டோர்ச் லைட்டை எதில் சேர்ப்பது? பகலில் யோசித்தால் சின்னச் சாமான்தான். இரவில் பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கும்போது அது அணைந்தால்? சிறுத்தை நடமாடும் மலைப் பாதையில் அணைந்தால்? அதை முதல் வகையிலேயே சேருங்கள். சப்பாத்தும் அப்படித்தான். வழுக்கும் அடி உள்ள சப்பாத்து, கால் முறிந்த பிறகு மலிவாக இருக்காது.

ஒரு பொருளை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றி, பெயர் ஒட்டாமல் விற்கும் பூச்சி மருந்து, புல் மருந்து. என்ன மருந்து, எவ்வளவு கலப்பது, குடித்துவிட்டால் டாக்டருக்கு என்ன சொல்வது, ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் அதைச் சோடா என்று எடுத்துக் குடிக்கும்.

கையில் காசு இல்லாதவர் என்ன செய்வது?

இதைப் பேசிப் பார்த்தபோது பணியத்துத் தம்பி ஒருவர் என்னை மடக்கினார். "ஐயா, கையில 600 ரூபா இருக்கிறவன்கிட்ட 1800 ரூபா சாமான்தான் நல்லதுன்னு சொன்னா, அவன் என்ன செய்வான்?" என்றார். நியாயமான கேள்வி. மலிவுச் சாமானை நாம் ஆசைப்பட்டு வாங்குவதில்லை, முடியாமல்தான் வாங்குகிறோம். 2022ஆம் ஆண்டில் டொலர் 200 ரூபாயில் இருந்து 350க்கு மேலே போனதையும், அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி முந்திய வருடத்தைவிட 70 வீதம் அளவுக்கு ஏறியிருந்ததையும் பட்டு அனுபவித்தவர்கள் நாம். பணம் இருக்கிறவர் ஒரு தடவை வாங்குகிறார், இல்லாதவர் மூன்று தடவை வாங்குகிறார். அநியாயம்தான். ஆனால் அதற்கு நம்மிடம் சில வழி உண்டு.

முதலாவது சீட்டு. மோதிரத்துக்கும் பீரோவுக்கும் சீட்டுப் பிடிக்கிற நாம், மழைக் கோட்டுக்கும் சப்பாத்துக்கும் ஏன் பிடிக்கக் கூடாது? பத்துப் பேர் சேர்ந்தால் போதும். இரண்டாவது, பங்கு. ஏணி, வாள், மருந்து அடிக்கும் டாங்கி போன்றவை ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையில்லை. லயத்துக்கு ஒன்று நல்லதாக வாங்கி முறை வைத்துப் பாவிக்கலாம். மூன்றாவது, பழைய நல்ல சாமான். பாட்டனார் காலத்து மம்பட்டிக்குப் புதுப் பிடி போட்டால், பல புதுச் சாமானைவிட அது நல்லது. நாலாவது, பராமரிப்பு. மண்ணோடு போட்டால் எந்த இரும்பும் துருப்பிடிக்கும். கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவ ஐந்து நிமிடம் போதும்.

தவணைக்குத் தருகிறேன் என்று லயத்து வாசலுக்கே வருகிறவரிடம் மட்டும் நிதானமாக இருங்கள். தீபாவளி முற்பணம் கிடைக்கும் கிழமையில்தான் லொறியும் ஒலிபெருக்கியும் வரும். "இன்றைக்கு மட்டும்" என்பார்கள். கிழமைக்கு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்வார்கள். எத்தனை கிழமை, மொத்தம் எவ்வளவு என்று நீங்கள் கேளுங்கள். பெருக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு கையொப்பம் போடுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

"50 வீதம் கழிவு" என்ற பலகையைக் கண்டதும் பேர்ஸைத் திறக்காதீர்கள். 2000 என்று எழுதி அதை வெட்டி 1000 என்று போடுவது சுலபம். அதே சாமான் அடுத்த கடையில் கழிவே இல்லாமல் 950க்கு இருக்கலாம். இரண்டு கடை ஏறி இறங்குங்கள். பொதி செய்த பொருள் என்றால் உச்ச சில்லறை விலையும், காலாவதித் திகதியும் அச்சடித்திருக்க வேண்டும். விலை குறைத்துப் போட்ட பிஸ்கட்டையும் பால்மாவையும் திகதி பார்க்காமல் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். சீமெந்து மூட்டை என்றால் கையால் அமத்திப் பாருங்கள். உள்ளே கட்டி தட்டியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

முக்கியமாக, பில் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. அதில் கடைப் பெயர், திகதி, சாமான், விலை இருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சாமான் சரியில்லை என்றால் பில்லோடு தாமதிக்காமல் கடைக்குப் போங்கள். கடையில் நியாயம் கிடைக்காவிட்டால் அந்த அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் தொலைபேசி எடுத்து முறையிடலாம். கடிதம் எழுத வேண்டுமானால் எழுதித் தருவது என் வேலை. அன்றைக்கு என்னிடம் ஒரு பில் இருந்திருந்தால் நானும் சும்மா திரும்பி வந்திருக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தச் சங்கத்தில் நாலு பேரைத் தெரிந்தெடுத்து, மழைக்கு முன் சாமான் வாங்கும் குழு ஒன்று அமைப்போம். அதில் இரண்டு பேராவது கொழுந்தெடுக்கும் பெண்களாக இருக்க வேண்டும். கோட்டைப் போட்டு நனையப் போகிறவர்தான் அதைத் தெரிந்தெடுக்க வேண்டும். நான் கூட வருவேன், பை தூக்குவேன். தனியாகப் போய் வாங்கி வரும் வேலையை மட்டும் இனி என்னிடம் தராதீர்கள்.